ஹஸது எது? கிப்தா எது?

சென்ற மாதம் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு சகோதரி. பெயரும் இல்லை, ஊரும் இல்லை. நிக்காஹ் முடிந்து பதினோரு ஆண்டுகள் ஆகியும் பிள்ளைப் பாக்கியம் கிட்டாதவர். கூட்டுக் குடும்பம். அதே வீட்டில் அவருடைய ஓரகத்தி மூன்றாவது பிள்ளையைப் பெற்றுத் தாய் வீட்டிலிருந்து திரும்பி வந்திருக்கிறார்.

"பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்து இறக்கியபோது என் நெஞ்சில் ஏதோ குத்தியது. அன்றிரவு அழுதேன். இதுதான் ஹஸதா? ஹஸது அமல்களைத் தின்றுவிடும் என்று பயானில் கேட்டிருக்கிறேன். நான் தொழுத தொழுகையும் பிடித்த நோன்பும் போய்விட்டனவா?" என்று கேட்கிறார்.

அதன் கீழே இன்னும் சில வரிகள். "பெயர் வைக்கும் அன்று என்னை அடுக்களையை விட்டு வெளியே வர வேண்டாம் என்று மாமி சொல்லிவிட்டார்கள். பிள்ளைக்குக் கண் பட்டுவிடுமாம். வந்திருந்த பெண்களுக்குச் சோறு ஆக்கியது நான்தான். பிள்ளையை மட்டும் நான் பார்க்கக் கூடாது. ஹஜ்ரத், என் கண்ணில் அப்படி ஏதும் இருக்குமோ என்று இப்போது எனக்கே பயம் வந்துவிட்டது."

முதல் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம். இரண்டாவதை அப்படித் தள்ளிவிட முடியவில்லை. இது ஒரு வீட்டில் மட்டும் நடக்கிற காரியம் அல்ல என்பதை நாம் அறிவோம். எனவே ஹஸது என்ற சொல்லையும், அதற்கு அக்கம்பக்கத்தில் நிற்கும் சொற்களையும் சற்று நிதானமாகப் பார்ப்போம். சொல்லைச் சரியாக அறியாததால் குற்றமற்றவரைக் குற்றவாளியாக்குகிறோம். குற்றவாளியான நம்முடைய சொந்த நஃப்ஸையோ நிம்மதியாகத் தூங்க விட்டுவிடுகிறோம்.

நம் தமிழில் பொறாமை என்கிறோம். பொறுக்க மாட்டாமை என்பதே அதன் பொருள். பிறருக்கு வந்த நன்மையைத் தாங்க முடியாத நிலை. பொறுமையும் பொறாமையும் ஒரே வேரில் பிறந்து எதிர் எதிராக நிற்கின்றன. ஸப்ரு எங்கே முடிகிறதோ அங்கே ஹஸது தொடங்குகிறது என்று ஓர் ஆலிம் சொன்னால் தமிழன் அதை உடனே புரிந்துகொள்வான்; அவனுடைய மொழியே அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டது. வள்ளுவர் இதை அழுக்காறு என்று அழைத்து, அது கூடாது என்பதற்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருப்பதும் நாம் அறிந்ததே.

அரபியில் ஹஸது. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதற்கு, மொழி அறிஞர் இப்னுல் அஃராபி (ரஹ்) அவர்கள் கூறியதாக அகராதி நூல்களில் ஒரு விளக்கம் இருக்கிறது. 'ஹஸ்தல்' என்றால் உண்ணி. ஆடு மாடுகளின் தோலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கிறதே, அந்த உண்ணி. அது தோலைச் சுரண்டுவது போல ஹஸது உள்ளத்தைச் சுரண்டுகிறது என்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள். மாடு வளர்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. உண்ணி உட்கார்ந்திருப்பது யார் மேல் என்பதை மட்டும் கவனியுங்கள். பொறாமைப்படப்பட்டவன் மேல் அல்ல, பொறாமைப்படுகிறவன் மேல்.

மார்க்க வழக்கில் இதன் இலக்கணம் என்ன? பிறருக்கு அல்லாஹ் கொடுத்த நிஃமத் அவரை விட்டு நீங்க வேண்டும் என்று விரும்புவது. இமாம் ராகிப் இஸ்பஹானி (ரஹ்) அவர்கள் தமது முஃப்ரதாத்தில், சில வேளை அந்த விருப்பத்தோடு நிற்காமல் அதை நீக்குவதற்கான முயற்சியும் சேர்ந்துகொள்ளும் என்று எழுதுகிறார்கள். 'நீங்க வேண்டும்' என்ற இந்தச் சொல்லைச் சகோதரி கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். விஷயம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

எனக்கும் அது போல் வேண்டும் என்று ஏங்குவது ஹஸது அல்ல. அதற்கு வேறு பெயர் உண்டு: கிப்தா. இதன் வேருக்கும் ஒரு வேடிக்கையான பொருள் இருக்கிறது. சந்தையில் ஆடு வாங்கப் போகிறவன் கிடாயின் பின்புறத்தையும் வாலடியையும் கையால் அழுத்திப் பார்த்துக் கொழுப்பு இருக்கிறதா என்று அறிவானே, அந்தத் தொட்டுப் பார்த்தலுக்கு அரபிகள் இதே வேரிலிருந்துதான் சொல் எடுத்தார்கள். பிறருடைய நல்ல நிலையைத் தொட்டுப் பார்க்கிறான். நன்றாக இருக்கிறது என்று அறிகிறான். தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறான். அவருடைய ஆட்டை அவிழ்த்துவிட வேண்டும் என்று நினைக்கவில்லை.

'இரண்டு பேர் விஷயத்தில் தவிர ஹஸது கூடாது' என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். குர்ஆன் அருளப்பெற்று இரவும் பகலும் அதைக் கொண்டு நிற்பவர் ஒருவர். செல்வம் அருளப்பெற்று அதை ஹக்கான வழியில் செலவிடுபவர் மற்றவர். இவர்கள் மேல் பொறாமைப்படலாம் என்றால், ஹாபிஸ் மறந்துபோகட்டும், தர்மவான் பிச்சை எடுக்கட்டும் என்று விரும்பலாம் என்றா பொருள்? நஊது பில்லாஹ்! இங்கே ஹஸது என்ற சொல் கிப்தாவின் இடத்தில் வந்திருக்கிறது என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் கிதாபுல் இல்மில் இந்த ஹதீதைக் கொண்டுவரும்போது, ஹதீதில் ஹஸது என்றிருக்க, பாடத் தலைப்பில் கிப்தாவின் வேரிலிருந்து வரும் 'இஃக்திபாத்' என்ற சொல்லை வைத்தார்கள். தலைப்பிலேயே விளக்கம் சொல்லிவிடுவது அந்தப் பெருமகனாரின் வழக்கம்.

முஹாஜிர்களில் ஏழைகள் ஒருநாள் ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார்கள். செல்வந்தர்கள் எல்லாப் பதவிகளையும் கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் தொழுவது போல் அவர்களும் தொழுகிறார்கள், நாங்கள் நோற்பது போல் அவர்களும் நோற்கிறார்கள். அதற்குமேல் தர்மமும் செய்கிறார்கள், அடிமைகளையும் விடுதலை செய்கிறார்கள், எங்களிடம் அதற்கு ஒன்றும் இல்லையே என்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் 'பொறாமைப்படாதீர்கள்' என்று அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. தொழுகைக்குப் பின் ஓத வேண்டிய தஸ்பீஹையும் தஹ்மீதையும் தக்பீரையும் கற்றுக் கொடுத்தார்கள். இன்று நம் பள்ளிகளில் ஸலாம் கொடுத்தவுடன் விரல் மடக்கி முப்பத்து மூன்று எண்ணுகிறோமே, அது அந்த ஏழைகளின் ஏக்கத்துக்குக் கிடைத்த பரிசு. முஸ்லிமில் வரும் அறிவிப்பில் கதை இன்னும் நீள்கிறது. செல்வந்தர்களும் கேள்விப்பட்டு அதை ஓதத் தொடங்கிவிட்டார்கள். ஏழைகள் மறுபடியும் வந்து நின்றார்கள். அது அல்லாஹ்வின் அருள், நாடியவருக்குக் கொடுக்கிறான் என்று மட்டும் பதில் வந்தது. கேட்டுத் திரும்பிச் சென்றவர்கள் யார் மேலும் கறுவிக்கொண்டு போகவில்லை.

இந்த ஏக்கம் காலைத் தூக்கி நடக்கத் தொடங்கிவிட்டால் அதற்கு முனாஃபஸா என்று பெயர். விலையுயர்ந்த ஒன்றுக்காக ஒருவரை ஒருவர் முந்தப் பார்ப்பது. சுவனவாசிகளின் இன்பங்களைச் சொல்லி, போட்டியிடுகிறவர்கள் இதிலே போட்டியிடட்டும் என்று முதஃப்பிஃபீன் அத்தியாயத்தின் 26வது வசனம் அழைக்கிறது. தபூக் யுத்தத்துக்குப் பொருள் கேட்கப்பட்டபோது, இன்றாவது அபூபக்ரை முந்திவிடுவேன் என்று எண்ணிக்கொண்டு உமர் (ரலி) அவர்கள் தம் உடைமையில் பாதியைக் கொண்டு வந்தார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் உள்ளதையெல்லாம் கொண்டு வந்துவிட்டார்கள். இனி உம்மை ஒருபோதும் முந்த முடியாது என்று உமர் ஒப்புக்கொண்டார்கள். போட்டியில் தோற்ற மனிதர் வாய்விட்டு அதைச் சொல்லி, அது ஹதீதாக நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றால், அந்த உள்ளத்தில் உண்ணி இல்லை.

மற்றொரு சொல் கைரா. தனக்குரியதில் பிறர் பங்கு கொள்வதைத் தாங்காத ரோஷம். கணவன் மனைவியரிடையே இது இயல்பு. ஆயிஷா (ரலி) அவர்கள், தாம் கண்ணால்கூடப் பார்த்திராத கதீஜா (ரலி) அவர்கள் மேல் கொண்ட கைராவைப் போல் வேறு யார் மேலும் கொண்டதில்லை என்று தாமே சொல்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஆடு அறுத்தால் கதீஜாவின் தோழிமார்களைத் தேடி அனுப்பிவைப்பார்கள். அடிக்கடி அவர்களை நினைவு கூர்வார்கள். அன்னை ஆயிஷாவுக்கு அது உறைத்தது. ஆனாலும் கதீஜா நாயகியின் இந்தச் சிறப்புகளை நமக்கு எடுத்துச் சொன்னது யார்? அதே ஆயிஷா (ரலி) அவர்கள்தான். சுவர்க்கத்தில் கதீஜாவுக்கு ஒரு மாளிகை உண்டு என்ற சுபச்செய்தியையும் அவர்கள் நாவாலேயே அறிவித்திருக்கிறார்கள். உள்ளத்தில் உறைத்ததை ஒத்துக்கொண்டார்கள். நாவில் நீதி தவறவில்லை.

கெட்ட சொற்களின் பக்கம் நான் நெடுநேரம் நிற்கப்போவதில்லை. ஹிக்து என்பது கறுவிக்கொண்டு சமயம் பார்த்திருப்பது. கில்லு என்பது உள்ளே ஊடுருவிக் கிடக்கும் கசடு. நம்பிக்கை கொண்டவர்கள் மேல் எங்கள் இதயங்களில் கில்லு இல்லாமல் செய்வாயாக என்று கேட்கும்படி ஹஷ்ரு அத்தியாயத்தின் 10வது வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது. ஷுஹ்ஹு என்பது கைக்கருமித்தனம் அல்ல, மனக்கருமித்தனம். தான் கொடுக்காததோடு, அல்லாஹ் கொடுப்பதையும் தாங்காது. ஷமாதா என்பது பிறருடைய துன்பத்தைக் கண்டு மகிழ்வது. மூஸா (அலை) அவர்கள் கோபத்தில் தலையைப் பிடித்து இழுத்தபோது, ஹாரூன் (அலை) அவர்கள், விரோதிகள் என்னைக் கண்டு மகிழும்படி செய்துவிடாதீர் என்று கெஞ்சினார்களே, அந்த மகிழ்ச்சிதான் ஷமாதா.

இவற்றில் ஷமாதாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறாமை பெரும்பாலும் ஒரே தரத்தாரிடையேதான் நேரும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதுகிறார்கள். ஆலிமுக்கு ஆலிம் மேல், வியாபாரிக்கு வியாபாரி மேல், செருப்புத் தைப்பவனுக்குச் செருப்புத் தைப்பவன் மேல். செருப்புத் தைப்பவன் துணி வியாபாரி மேல் பொறாமைப்பட மாட்டான். இதைப் பாடமாக ஓதியபோது எனக்கு இருபது வயது இருக்கும். தலையாட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். பிற்காலத்தில், என்னோடு ஒரே பலகையில் கிதாபு வைத்து ஓதிய நண்பர் ஒருவருக்குப் பெரிய ஊரில் பெரிய பள்ளியின் இமாமத் கிடைத்தது. முபாரக் என்று கடிதம் எழுதினேன். அடுத்த ரமளானில் தராவீஹில் அவருக்கு இரண்டு மூன்று இடங்களில் கிராஅத் தடுமாறியதாக ஒருவர் வந்து சொன்னார். என் நாக்கு 'இன்னா லில்லாஹ்' சொன்னது. உள்ளே ஒன்று சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் அந்தப் பக்கத்தை மறுபடியும் எடுத்து ஓதினேன். நம்முடைய முபாரக்குகள் எல்லாம் முபாரக் அல்ல.

அந்தப் பாடத்திலேயே இமாமவர்கள் ஹஸதின் படித்தரங்களையும் கூறுகிறார்கள். அவனுக்கு இருப்பது போய்விட வேண்டும், எனக்கு வராவிட்டாலும் பரவாயில்லை என்று நினைப்பது மிகக் கேடானது. அவனிடம் இருப்பது எனக்கு வர வேண்டும் என்று நினைப்பது அதற்கு அடுத்தது. எனக்கு அது போல் கிடைக்காவிட்டால் அவனிடமும் இருக்கக் கூடாது, இருவரும் சமமாகிவிட வேண்டும் என்று நினைப்பது இன்னொன்று. எனக்கும் அது போல் வேண்டும், கிடைக்காவிட்டாலும் அவனுக்கு அது நிலைக்கட்டும் என்பது கடைசி. இந்தக் கடைசியானது உலக விஷயத்தில் மன்னிக்கப்பட்டது. தீன் விஷயத்தில் விரும்பத்தக்கது.

நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று எப்படி அறிவது? அதற்கும் அவர்கள் ஓர் உரைகல் தருகிறார்கள். அந்த நிஃமத்தை நீக்கும் அதிகாரம் உன் கையில் கொடுக்கப்பட்டு, உன் இஷ்டம் என்று விடப்பட்டால் நீ என்ன செய்வாய்? நீக்கிவிடுவாய் என்றால் நீ ஹாஸித். உன் இறையச்சம் உன் கையைப் பிடித்துக்கொள்ளும் என்றால், உன் இயற்கையில் எழுகிற உறுத்தலுக்காக நீ பிடிக்கப்படமாட்டாய் என்று நம்பலாம்.

சகோதரியே! அந்தப் பிள்ளையை அல்லாஹ் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு கணமேனும் நீங்கள் விரும்பினீர்களா? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உங்கள் மனம் குளிருமா? உங்கள் கடிதத்தில் அப்படி ஓர் எழுத்துக்கூட இல்லை. இருந்ததெல்லாம், யா அல்லாஹ், எனக்கில்லையே என்பதுதான். அதற்கு ஹஸது என்று பெயர் இல்லை. நீங்கள் அழுததற்குக் கணக்குக் கேட்கப்படாது. உள்ளத்தில் தோன்றுவதை, செயலாகவோ சொல்லாகவோ ஆக்காதவரை, அல்லாஹ் இந்த உம்மத்துக்கு மன்னித்துவிட்டான் என்ற ஹதீது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. முஃமினுக்கும் பொறாமை வருமா என்று ஹஸன் பஸரி (ரஹ்) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, யஃகூபின் மக்களை மறந்துவிட்டாயா என்று திருப்பிக் கேட்டார்களாம். கையாலும் நாவாலும் அத்துமீறாதவரை அது உனக்குத் தீங்கு செய்யாது என்றும் சொன்னார்களாம்.

அமல்களைத் தின்றுவிடும் என்று நீங்கள் பயானில் கேட்டது அபூதாவூதில் வரும் ஹதீது. நெருப்பு விறகைத் தின்பது போல ஹஸது நன்மைகளைத் தின்றுவிடும் என்பது அதன் கருத்து. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீதுக்கலை இமாம்கள் குறை கூறியிருக்கிறார்கள். ஹஸது பெரும் பாவம் என்பதற்கு அது ஒன்றுதான் ஆதாரம் என்பதில்லை. ஆனால் மேடையில் அதை முழங்கும் நம்மைப் போன்றவர்கள், கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஹஸது எது, ஏக்கம் எது என்று பிரித்துச் சொல்லாமல் போனால், நெருப்பு பிடிக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு எளிய பெண்களின் உள்ளங்களில் பிடித்துவிடுகிறது.

சொந்தச் சகோதரனைக் கொன்ற காபீலும், யூசுஃப் (அலை) அவர்களைக் கிணற்றில் போட்ட அண்ணன்மாரும் ஏக்கத்தோடு நிற்கவில்லை. தம்பி இல்லாமல் போக வேண்டும், அப்போது தந்தையின் முகம் நம் பக்கம் திரும்பும் என்று கணக்குப் போட்டார்கள். நிஃமத்தைக் கண்டவுடன் அதை வைத்திருப்பவரைப் பார்ப்பவன் ஹாஸித். நிஃமத்தைக் கண்டவுடன் அதைக் கொடுத்தவனைப் பார்ப்பவர்களும் உண்டு. அதற்கு ஆலு இம்ரான் அத்தியாயத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. அதை நான் எத்தனையோ முறை ஓதியிருந்தும், இந்தக் கடிதம் வந்த பிறகே அதன் முழு அழகும் எனக்குத் தெரிந்தது.

ஜகரிய்யா (அலை) அவர்கள் மர்யம் (அலை) அவர்களுக்குப் பொறுப்பாளர். மர்யம் தங்கியிருந்த மிஹ்ராபுக்குள் எப்போது நுழைந்தாலும் அங்கே உணவு இருக்கக் காண்கிறார்கள். கோடைக் கனி குளிர்காலத்திலும், குளிர்காலக் கனி கோடையிலும் இருந்ததாக முஃபஸ்ஸிர்கள் எழுதுகிறார்கள். இது உனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். அல்லாஹ்விடமிருந்து வந்தது, அவன் நாடியவருக்குக் கணக்கின்றிக் கொடுக்கிறான் என்று அந்தச் சிறுமி பதில் சொல்கிறார். கேட்டுக்கொண்டு நிற்பவரோ எலும்பு தளர்ந்து தலை நரைத்த முதியவர். மனைவி மலடி. பிறர் பெற்ற பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்து வளர்க்கிறவர். அந்தப் பிள்ளைக்கோ வானத்திலிருந்து வாரி இறைக்கப்படுகிறது. பொறாமைக்கு இதைவிடத் தோதான இடம் ஏது? ஆனால் 38வது வசனம் 'ஹுனாலிக' என்று தொடங்குகிறது. அங்கேயே, அந்த இடத்திலேயே என்று பொருள். அதே இடத்தில் நின்று அவர்கள் தம் ரப்பிடம் நல்ல சந்ததியைக் கேட்டார்கள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழும் வரைகூடக் காத்திருக்கவில்லை. பருவம் தவறிய கனியைக் கொடுப்பவனுக்குப் பருவம் தவறிய பிள்ளையைக் கொடுப்பது பெரிதா என்று அந்த உள்ளம் எண்ணியது. யஹ்யா (அலை) அவர்களைப் பற்றிய சுபச்செய்தி வந்தது.

ஆகவே சகோதரியே, அந்தப் பிள்ளை உங்களுக்கு ஆபத்தான இடம் அல்ல, துஆவுக்குரிய இடம். அதைப் பார்க்கும்போது உங்களுக்கும் கேளுங்கள், அதற்கும் பறக்கத் கேளுங்கள். கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்று நான் எழுதமாட்டேன். அது என் கையில் இல்லை. பிறருக்கு மேலாக்கிக் கொடுத்ததைக் கண்டு ஏங்கிக் கிடக்காதீர்கள் என்று நிஸா அத்தியாயத்தின் 32வது வசனம் தடுக்கிறது. அதே மூச்சில் அல்லாஹ்விடம் அவனுடைய அருளைக் கேளுங்கள் என்றும் சொல்கிறது. ஒரு கதவைச் சாத்திய கையே மறு கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி. இதை மாமியாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கண்ணேறு உண்மை என்று ஸஹீஹான ஹதீதில் வந்திருக்கிறது; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கண்ணேறு ஹஸதிலிருந்து வேறுபட்டது. ஹாஸித் இல்லாதவரிடமிருந்தும் அது வரும். முவத்தாவில் வரும் சம்பவத்தைப் பாருங்கள். ஸஹ்ல் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்கள் குளிப்பதற்காக ஜுப்பாவைக் கழற்றினார்கள். அவர்களுடைய வெண்மையான மேனியைப் பார்த்த ஆமிர் இப்னு ரபீஆ (ரலி) அவர்கள் வியந்து, வீட்டுக்குள்ளேயே இருக்கும் கன்னிப் பெண்ணின் தோலைக்கூட இப்படிக் கண்டதில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஸஹ்ல் அந்த இடத்திலேயே நோயுற்று விழுந்தார்கள். ஆமிர் யார்? ஆரம்ப காலத்திலேயே இஸ்லாத்தை ஏற்று ஹபஷாவுக்கு ஹிஜ்ரத் செய்தவர், பத்ருப் போர்வீரர். பகையாளியல்ல, பொறாமைக்காரர் அல்ல. நாயகம் (ஸல்) அவர்கள் கோபம் கொண்டு, உங்களில் ஒருவர் தம் சகோதரரை ஏன் கொல்கிறீர், பறக்கத் உண்டாகட்டும் என்று துஆச் செய்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். பிறகு ஆமிர் உறுப்புகளைக் கழுவிய தண்ணீர் ஸஹ்ல் மேல் ஊற்றப்பட்டது, அவர்கள் குணமடைந்தார்கள்.

ஆமிர் குழந்தையில்லாதவர் என்றோ, ஏழை என்றோ, எதையோ இழந்தவர் என்றோ காரணம் சொல்லப்பட்டதா? இல்லை. பறக்கத் கேட்காமல் வியந்ததுதான் குறை. அப்படியானால் பிள்ளையைத் தூக்கி, "என்னமா கொழுகொழு என்று இருக்கிறது!" என்று பறக்கத் கேட்காமல் மெச்சிவிட்டுப் போன விருந்தாளிகளிடம் மாமியார் பயப்பட வேண்டாமா? அவர்களுக்குப் பாய் விரித்துப் பிரியாணி வைத்தாயிற்று. பறக்கத் கேட்டு ஆக்கிப் போட்டவரை அடுக்களையில் வைத்தாயிற்று.

கண்ணூறு உடையவர் என்று பிரசித்தமானவரை வீட்டோடு இருக்கச் சொல்லலாம் என்று சில ஃபுகஹாக்கள் எழுதியிருக்கிறார்களே என்று கிதாபு ஓதிய யாராவது கேட்கலாம். எழுதியிருக்கிறார்கள். அது திரும்பத் திரும்ப நேர்ந்து மக்களிடையே அறியப்பட்ட ஒருவரைப் பற்றியது. அந்தக் கட்டளையையும் ஆட்சியாளர் பிறப்பிக்க வேண்டும் என்றே எழுதினார்கள். கருப்பை திறக்கவில்லை என்ற ஒரே காரணத்தைக் கொண்டு ஒருவர் கண் கெட்டது என்று தீர்மானிக்க எந்த மத்ஹபும் யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. ஆதாரமில்லாமல் ஒரு முஸ்லிமைப் பற்றித் தீயதாக எண்ணுவதற்கு ஸூஉல் ளன்னு என்று பெயர். ஹுஜுராத் அத்தியாயத்தின் 12வது வசனம் அதைப் பாவம் என்கிறது. வராத கண்ணேறுக்குப் பயந்து, வந்துவிட்ட பாவத்தை மடியில் கட்டிக்கொள்கிறோம்.

இன்னொன்றும் சொல்கிறேன். மதீனாவில் பிள்ளை பிறந்தால் நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டு வருவார்கள். அவர்கள் பறக்கத் வேண்டித் துஆச் செய்து, பேரீச்சம்பழத்தை மென்று அதன் அண்ணத்தில் தடவுவார்கள். இதை நமக்கு அறிவிப்பவர் ஆயிஷா (ரலி) அவர்கள். அன்னை ஆயிஷாவுக்குப் பிள்ளை இல்லை. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் வந்து பறக்கத் பெற்றுப் போவதை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். பிள்ளை பெறாதவர் இருக்கும் வீட்டுக்குப் பிள்ளையைக் கொண்டுபோகாதே என்று மதீனாவில் எந்தத் தாயும் சொன்னதாக நாம் ஓதவில்லை. உடன் பிறந்த அஸ்மா (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் பிறந்தபோது, அந்தப் பிள்ளையின் பெயராலேயே தம் சிறிய தாயார் 'உம்மு அப்துல்லாஹ்' என்று அழைக்கப்படும்படி நாயகம் (ஸல்) அவர்கள் செய்தார்கள். பெறாதவருக்குத் தாய் என்ற பெயரைக் கொடுத்தார்கள். பின்னாளில், தந்தையை இழந்த சகோதரர் மகன் காஸிமை வளர்த்து ஆளாக்கியதும் அதே அன்னைதான். அவர் மதீனாவின் பெரும் ஃபகீஹ்களில் ஒருவராக விளங்கினார்.

பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டுமா? மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட வேண்டியதில்லை. ஹஸன் ஹுஸைன் (ரலி) இருவருக்கும் நாயகம் (ஸல்) அவர்கள் ஓதிப் பாதுகாப்புத் தேடினார்கள். இப்ராஹீம் (அலை) அவர்களும் இஸ்மாயீல், இஸ்ஹாக் (அலை) இருவருக்கும் இதைக் கொண்டே பாதுகாப்புத் தேடினார்கள் என்றும் சொன்னார்கள். ஃபலக், நாஸ் இரண்டு சூராக்களும் எல்லார் வீட்டிலும் மனப்பாடம். ஃபலக் சூராவின் கடைசி வசனத்தில், பொறாமைக்காரன் பொறாமைப்படும்போது உண்டாகும் தீங்கைவிட்டுக் காவல் தேடுகிறோம். அதை ஓதிவிட்டுப் பக்கத்தில் இருப்பவர் முகத்தைச் சந்தேகமாகப் பார்க்கிறோம். ஓதுகிற என்னிடமிருந்தும் பிறருக்கு அந்தத் தீங்கு வராமல் காப்பாயாக என்று சேர்த்து நினைத்துக்கொண்டு ஓதினால் என்ன?

கடிதத்தில் முகவரி இல்லாததால் தனியாகப் பதில் அனுப்ப வழியில்லாமல் போயிற்று. சகோதரி குறிப்பிட்ட கணக்குப்படி அந்தப் பிள்ளைக்கு இன்னும் சில நாட்களில் நாற்பது வரும். இந்த இதழ் அந்த வீட்டுக்கும் வருகிறது என்று அவர் எழுதியிருக்கிறார். மாமியாருக்குக் கண் மங்கலாம், பேரன்தான் வாசித்துக் காட்டுவானாம். வாசிக்கும் தம்பி, இந்தப் பக்கத்தை உன் பெரியம்மாவும் பக்கத்தில் இருக்கும்போது சற்று நிறுத்தி வாசி. அம்மா அவர்களே, நாற்பதன்று பிள்ளையைக் குளிப்பாட்டியதும் முதலில் உங்கள் மூத்த மருமகளின் மடியில் கொடுங்கள். அவர் பறக்கத் கேட்டு ஓதி ஊதட்டும்.